தரங்கம்பாடியின் இரு தேவாலயங்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் 1863 ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளிவாசலில் தமிழில் சமயவுரை கேட்கலாம். பிரிக்பீல்ட்சில் 1924 ஆம் ஆண்டில் எழுந்த சீயோன் லுத்தரன் தேவாலயமும் தமிழர் வழிபட எழுந்ததே. கடல் கடந்து வந்த நம் மக்களுக்கு வழிபாட்டிடம் தாய்மொழி வாழும் இடமாகவும் விளங்கிற்று. இவ்வழக்கின் தொன்மையைக் காண விரும்புவோர், அதே சீயோன் என்னும் பெயருடைய மூத்த ஆலயம் நிற்கும் தரங்கம்பாடிக்குச் செல்லுதல் வேண்டும்.

சோழநாட்டுக் கடற்கரைச் சிற்றூராகிய இங்கு, தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620 இல் டென்மார்க்கு நாட்டினர் கோட்டை கட்டினர். நகர வாயிலைக் கடந்து இராச வீதியில் நடப்போர் முதலில் காண்பது 1701 இல் எழுந்த சீயோன் தேவாலயம். வணிகரும் படைவீரரும் தம் மொழியில் வழிபடக் கட்டியது அது. ஊர்மக்களின் மொழிக்கு அங்கு இடமில்லை.

அவ்வீதியிலேயே சற்று அப்பால் நிற்பது புதிய எருசலேம் ஆலயம். 1706 சூலை 9 இல் வந்திறங்கிய செர்மானியராகிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பர். தமிழ்ச் சுவடிகளைத் திரட்டினார், பள்ளிகள் தொடங்கினார். டேனிய ஆளுநரின் சினத்துக்கு ஆளாகி 1708 இன் இறுதியில் நான்கு திங்கள் சிறையிருந்தார். பின்னர் அச்சுப்பொறி வந்தது. புதிய ஏற்பாடு தமிழில் 1715 இல் அச்சேறி முடிந்தது. 1718 இல் இவ்வாலயம் திறக்கப்பெற்றது. மறு ஆண்டே, தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்த அவர் இதனுள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார். 1733 இல் ஆரோன் என்னும் தமிழர் போதகராக்கப்பட்டார்.

எனினும் வரலாறு மாணவர்க்குப் புகழுரை மட்டும் அன்று. தமிழ் ஒலித்த இவ்வாலயத்துள்ளும் சாதி வேறுபாட்டின்படி மக்கள் தனித்தனியே அமர்ந்தனர். மொழி ஒன்றாயிருந்தும் இருக்கை ஒன்றாகவில்லை. ஆயினும் ஒரே நூலை எல்லாரும் படிக்கலாம் என்ற வாய்ப்பினை அச்சும் பள்ளியும் திறந்துவிட்டன. திறந்த கதவை மூடுதல் எளிதன்று.

1845 இல் டேனியர் ஊரை ஆங்கிலேயர்க்கு விற்று அகன்றனர். கோட்டையில் இன்று கொடியில்லை. சீயோனில் டேனிய மொழி இல்லை. இரு ஆலயங்களிலும் நிலைத்தது தமிழே. ஆளுவோர் மொழி ஆட்சியோடு போகும். கற்பிக்கப்பட்ட மொழியே நிற்கும். மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு இவ்விரு கட்டடங்களைக் காட்டிச் சொல்லத்தக்க பாடம் இதுவே. அதனோடு, தமிழ் கற்பிக்கும் வகுப்பறையில் எவரும் தனித்து அமர்த்தப்படலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுவோமாக.