சிலம்பி, சிலந்தி

சங்கப் பாடல்களில் இதன் பெயர் சிலம்பி. பின்னாளில் சிலந்தி என்பதே நிலைத்தது. மலையாளத்திலும் அதே சொல்தான். உடலில் எழும் கட்டிக்கும் சிலந்தி என்று பெயர் உண்டு. ஆகவே பழைய வைத்திய ஏடுகளை இடமறிந்து படிக்க வேண்டும்.

மன்னார்த் தீவில் மழை ஓய்ந்தபின் தை, மாசி விடியலில் புற்றரையைக் குனிந்து பாருங்கள். பனித்துளி கோத்த வலை தரையோடு கிடையாக விரிந்து, ஓரத்தில் புனல்போலக் குவிந்திருந்தால், உள்ளே இருப்பது ஹிப்பாசா என்னும் பேரினச் சிலந்தியாக இருக்கலாம். எவ்வளவு நேர்த்தியான நெசவு!

இப்பேரினத்துக்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் யூஜின் சிமோன், 1885இல். இதன் ஓர் இனத்துக்கு ‘அகெலினாய்டெஸ்’ என்று பெயர். ‘அகெலினாவைப் போன்றது’ என்பது பொருள், ஈறு கிரேக்கம். அகெலினா என்னும் சிலந்தியோ வேறு குடும்பம், வலைதான் ஒத்திருக்கிறது. வலையை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது, கண்ணைப் பார்க்க வேண்டும். கீழ்வரிசையில் 4 சிறிய கண்கள், அவற்றின்மேல் 2 பெரியவை, பின்னால் இன்னும் 2. இது ஹிப்பாசா சேர்ந்த ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தின் முத்திரை. பெண், முட்டைப் பையை நூல் சுரக்கும் வயிற்று நுனியில் ஒட்டிச் சுமக்கும். பொரித்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும்.