பேட்ரியாட் சட்டம் (அமெரிக்கா)
செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து, குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2001 அக்டோபர் 26 அன்று கையெழுத்திட்ட சட்டம். செனட்டில் 98 பேர் ஆதரித்தனர். துணிந்து எதிர்த்து வாக்களித்தவர் ரஸ் ஃபைன்கோல்ட் ஒருவரே. இதில் மிகக் கொடியது 215ஆம் பிரிவு. ஒருவர் நூலகத்தில் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதைக்கூட எஃப்.பி.ஐ. இரகசிய நீதிமன்ற ஆணை பெற்றுக் கேட்க முடிந்தது. விவரம் கொடுத்தவர் அதை வெளியே சொல்லத் தடை இருந்தது. நாடெங்கும் நூலகர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். இதே பிரிவைக் காட்டி, தேசியப் பாதுகாப்பு முகமை 2006 முதல் பொதுமக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகத் திரட்டியது. அடுத்து வந்த ஒபாமா ஆட்சியிலும் அது நிற்கவில்லை. 2013இல் அம்முகமையின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் இதை அம்பலப்படுத்தினார். இத்திரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பிரிவின் கூடுதல் அதிகாரங்கள் 2020 மார்ச்சில் காலாவதியாயின.