புகைமூட்டமும் மோட்டார் வாகனமும்: லொஸ் ஏஞ்செல்ஸ் நகரின் வரலாற்றிலிருந்து

1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரைக் கண்ணெரிச்சலூட்டும் புகைமூட்டமொன்று சூழ்ந்தது. போர்க்காலமாதலின் அதனைப் பகைவரின் நச்சுவாயுத் தாக்குதலென ஐயுற்றோரும் உளர். செயற்கை இறப்பர் உற்பத்திக்கான தொழிற்சாலையொன்றின்மீது பழி சுமத்தப்பட்டது. அது சிலகாலம் மூடப்பட்டபோதும் புகைமூட்டம் அகலவில்லை.

1952 டிசம்பரில் இலண்டன் மாநகரை வருத்திய புகை நிலக்கரியினின்றும் எழுந்தது; குளிர்காலத்துக்குரியது. லொஸ் ஏஞ்செல்சின் புகையோ வெயிலோடு தோன்றி வெயிலோடு மிகுந்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்கியவர் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்பார். அன்னாசிப்பழத்தின் சுவைமணம் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த அவர், நகரின் காற்றையும் பகுத்தாராயலானார். மோட்டார் வாகனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் வெளிவிடும் ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுகளோடு கூடிச் சூரிய ஒளியிற் தாக்கமுற்று ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்பது 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவிய முடிபாகும். ஓசோன் உண்டென்பதைக் காட்ட அவர் வளைத்த இறப்பர்த் துண்டுகளையும் பயன்படுத்தினார். ஓசோன் பட்டால் அவை வெடிப்புறும். முன்னர்ப் பழிசுமந்த இறப்பரே பின்னர்ச் சான்றாயிற்று எனலாம்.

எண்ணெய்க் கம்பனிகளின் நிதியுதவி பெற்ற ஆய்வாளர் இம்முடிபை மறுத்தனர். மோட்டார்க் கம்பனிகளின் போக்கு இதனினும் ஆராயத்தக்கது. மாசு தடுக்கும் கருவிகளை உருவாக்குவதில் ஒத்துழைப்பதாக அவை 1955இல் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வொத்துழைப்பே அக்கருவிகளைத் தாமதப்படுத்தும் சதியாயிற்றென 1969இல் ஐக்கிய அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. விசாரணை நடைபெறுமுன்னரே இணக்க ஆணையொன்றுடன் வழக்கு முடிந்தமையால் உண்மை நீதிமன்றத்தில் முழுமையாக வெளிப்படவில்லை. வரலாற்று மாணவனுக்கு இது பெரும் இழப்பே.

1967இல் கலிபோர்னியா தனது வளிவளச் சபையை நிறுவியபோது ஹாகன்-ஸ்மித் அதன் முதற் தலைவரானார். 1973இல் ஆளுநர் றீகன் அவரைப் பதவியினின்றும் நீக்கினார். இதற்கிடையில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், 1975ஆம் ஆண்டுக்குரிய புதிய கார்களின் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் வெளியேற்றத்தை 90 வீதத்தாற் குறைக்கப் பணித்தது. காலக்கெடு பின்னர் நீடிக்கப்பட்டதாயினும், 1975ஆம் ஆண்டுக் கார்களிற் பெரும்பாலானவை புகைபோக்கியில் ஊக்கிமாற்றி பொருத்தப்பட்டே சந்தைக்கு வந்தன.

ஈயம் அவ்வூக்கியைக் கெடுக்கும். ஆகவே ஈயமற்ற பெற்றோல் அவசியமாயிற்று. ஈயம் மனித உடலுக்கு நஞ்சென்பது நெடுங்காலம் அறியப்பட்டிருந்தும், அதனைப் பெற்றோலினின்றும் நீக்கும் பணியை முதலில் முடுக்கியது ஒரு கருவியின் நலனே. இலங்கையில் ஈயங்கலந்த பெற்றோல் விற்பனை 2002இலேயே நிறுத்தப்பட்டது.