அணையாடை: ஒரு சிறு துணியின் நெடுங்கதை

மன்னர்கள் சூடிய முடியையும் உயர்த்திய கொடியையும் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஒரு குழந்தை மண்ணில் பிறந்த அன்று அதன் மேனியில் முதன்முதலாகப் பட்ட துணி எது, அதைக் கிழித்தவர் யார், மடித்துத் தைத்தவர் யார் என்பனவற்றை அந்நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆயினும் தமிழ்மொழி அதை மறந்துவிடவில்லை. பிறந்த குழந்தைக்கு விரிக்கும் துணிக்கு 'அணையாடை' என்றும், சீலையைக் கட்டித் தொங்கவிடும் தொட்டிலுக்கு 'ஏணை' என்றும் தனித்தனிப் பெயர் சூட்டி வைத்திருக்கிறது. பெயர் இருந்தால் அப்பெயருக்குப் பின்னே ஒரு கைவினையும் இருந்திருக்க வேண்டுமன்றோ? அக்கைவினையின் வரலாற்றையும், இன்று அதற்கு நேர்ந்துள்ள நிலையையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

அதற்கு நாம் தேர்ந்துகொண்ட இடம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி. காரும் கைப்பேசியும் உருவாகும் இடத்தில் அணையாடைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். தாயாகப் போகும் இளம்பெண்களின் கைகள் இன்று இரவும் பகலும் வேலை செய்யும் இடங்களுள் அதுவும் ஒன்று என்பதே நம் விடை.

பழந்துணியின் பயன்

பேறுகாலம் நெருங்கும்போது நம் வீடுகளில் உம்மம்மாமார் பெட்டியைத் திறப்பார்கள். நைந்த பருத்திச் சேலை, வேட்டி, கைலி ஆகியவற்றை எடுத்துத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கி வைப்பார்கள். வறியவர் வீட்டில் மட்டுமே இருந்த வழக்கம் இஃது என எண்ணுவது பிழை. வசதி படைத்த இல்லங்களிலும் பச்சைக் குழந்தைக்கு முதலில் பழந்துணியே உரியதாயிற்று.

காரணம் எளிது. புதுத்துணியில் நெசவின்போது ஏற்றிய கஞ்சிப் பசை இருக்கும். சாயத்தின் மிச்சமும் இருக்கும். பலமுறை துவைத்த துணியில் இவையிரண்டும் நீங்கியிருக்கும். இழை தளர்ந்து மென்மையாகும், ஈரத்தை விரைவில் உறிஞ்சும், எளிதில் உலரும். குழந்தையின் தோல் மிக மெல்லியது. அதற்கு ஏற்ற துணி எது என்பதை ஏட்டுக்கல்வி பெறாத மூதாட்டியர் கைவிரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவர்.

குழந்தையின் வளர்ச்சியை நம் புலவர்களும் கூர்ந்து நோக்கியுள்ளனர். பிள்ளைத்தமிழ் பாடுவோர் குழந்தைமையைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் முஸ்லிம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர். ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிறது, சப்பாணியில் கைகொட்டுகிறது. புலவர் பாட்டில் கண்டதைத் தாய் கத்தரிக்கோலில் கண்டாள். கைகொட்டும் பிள்ளைக்கு அக்குள் அகலமாக இருக்க வேண்டும். தவழும் பிள்ளைக்கு முழங்காலில் துணி சிக்கக் கூடாது.

கடல் கடந்த துணி

ஒரகடத்தின் வழியே செல்லும் பெருஞ்சாலைகளுள் ஒன்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. வாலாஜாபாத் என்னும் பெயர், 18-ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபாக விளங்கிய முகம்மது அலி வாலாஜாவின் நினைவைத் தாங்கி நிற்பது. அச்சாலைக்கு மேற்கே காஞ்சிபுரம் இருக்கிறது. இன்று இரும்பும் எந்திரமும் ஆளும் இந்நிலம் நெசவாளர் ஊர்களின் அண்டை நிலம் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி உலகெங்கும் சென்றது. மரக்காயர்களின் கப்பல்கள் அதை மலாயாவுக்கும் சுமத்திராவுக்கும் கொண்டு சேர்த்தன. மலாய்த் தாய்மாரும் சாரோங் துணியைக் கட்டித் தொங்கவிட்டே குழந்தையைத் தாலாட்டுகின்றனர். நம் ஏணையைக் கண்ட கண்ணுக்கு அது புதிதன்று. இங்கிலாந்திலோ 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் செல்வர் வீட்டுக் குழந்தைகளின் ஞானஸ்நான அங்கிகள் இந்திய மஸ்லின் துணியாலும் தைக்கப்பட்டன. இந்தியத் தறியில் பிறந்த மெல்லிய புதுத்துணி இவ்வாறு அயலார் குழந்தைக்கு அணியாயிற்று. நம் குழந்தைக்கு நாம் பழந்துணியிலேயே அந்த மென்மையைக் கண்டுகொண்டோம்.

கந்தையில் விளைந்த கலை

ஒரகடத்து ஆலைகளில் இன்று பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கின்றனர். அவர்களுடைய ஊர்களிலும் இதே கைவினை உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, ஓட்டத் தையலிட்டுச் செய்யும் விரிப்புக்குக் 'காந்தா' என்று பெயர். இந்து, முஸ்லிம் என்னும் வேற்றுமையின்றி இரு சமயப் பெண்களும் அதைத் தைத்தனர். வங்க முஸ்லிம் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கதைப்பாடலில், பிரிவால் வாடும் பெண் தன் வாழ்க்கை முழுவதையும் அத்தகைய விரிப்பிலேயே தைத்து வைக்கிறாள். பீகாரின் 'சுஜனி' பிறந்த குழந்தையைப் பொதிந்து வைப்பதற்கென்றே பழஞ்சேலைத் துண்டுகளால் தைக்கப்பட்டது. கருநாடகத்தில் ஆப்பிரிக்க மரபினரான சித்தி மக்களின் பெண்கள் 'கவந்தி' என்னும் ஒட்டுத்துணி விரிப்பைத் தைக்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உளர். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வது அவர்கள் முறை.

மொழி வேறு; ஊர் வேறு; சமயமும் வேறு. ஆயினும் பழந்துணியை அடுக்கிப் பிள்ளைக்கு விரிக்கும் கை ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம்.

ஆலை வந்த பின்

1851-இல் ஐசக் சிங்கர் தம் தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த எந்திரம் நம் நாட்டுக்கும் வந்தது. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் பிழைக்கும் வழியாயிற்று. தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால் தையல் எந்திரங்களை இலவசமாக வழங்கிவந்ததை நாம் அறிவோம். அந்த எந்திரம் வீட்டுத் திண்ணையில் இருந்தது. தாய் தைத்தாள், அருகே ஏணையில் பிள்ளை உறங்கிற்று.

ஸ்ரீபெரும்புதூரில் வந்தது வேறு வகை எந்திரம். இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹூண்டாய் ஆலை, 1998-இல் கார்களை வெளியிடத் தொடங்கியது. 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பணிபுரிந்தனர்; அவ்வாலை 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம்–வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அது! நெல்லையிலிருந்தும் நாகையிலிருந்தும் வரும் பெண்களுக்கு இவ்வேலை கொடுத்த ஊதியத்தையும் தன்னம்பிக்கையையும் நாம் குறைத்து மதிப்பிட மாட்டோம். தன் காலில் நிற்கும் மகள் குடும்பத்துக்குப் பெருமையே.

ஆனால் பெட்டியைத் திறந்து பழஞ்சேலை எடுக்கும் உம்மம்மா முந்நூறு கல் தொலைவில் இருக்கிறார். மாறி மாறி வரும் ஷிப்டுக்கு இடையே ஊசியில் நூல் கோக்கவும் நேரமில்லை. காருக்குரிய இருக்கை உறையைப் பிசகாமல் தைக்கும் கைகள், தம் பிள்ளைக்குரிய சட்டையைக் கடையில் வாங்குகின்றன. கைவினை அழிவதற்குச் சோம்பல் காரணமன்று, நேரமின்மையே காரணம்.

இதற்குப் பின்லாந்து நாட்டின் கதை ஓர் ஒப்புமையாகும். 1938-இல் அந்நாட்டு அரசு, ஏழைத் தாய்மாருக்குப் பேறுகாலப் பெட்டி வழங்கத் தொடங்கியது; 1949 முதல் அது எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. தொடக்கத்தில் அப்பெட்டியில் இருந்தவை, தாயே தைத்துக்கொள்வதற்கான துணிகள். 1957-இல் அவை நீங்கி, தைத்த ஆடைகளே முழுமையாக இடம்பெற்றன. நம் தமிழகத்தில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் 16 பொருள்களைக் கொண்டிருந்தது. அதிலும் குழந்தைக்கான ஆடை தைத்தே வந்தது. ஏழைத் தாயின் கையில் உதவி சேர்ந்தது நன்று. எனினும் ஊசி பிடிக்கத் தெரிந்த தலைமுறை மெல்ல விடைபெறுவதையும் இவ்விரு பெட்டிகளும் நமக்குச் சொல்கின்றன.

நேரத்தைச் சட்டமே தர முடியும். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு அளித்தது. 2017-இல் செய்த திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக உயர்த்தி, ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமை தொடர்கிறது. பேற்றுக்கு முந்திய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் பணி செய்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த 80 நாள் கணக்கைத் தொழிற்பகுதியில் வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகள் ஒவ்வொருவரும் தம் கையிலேயே எழுதி வைத்திருத்தல் நலம்.

எளிய தையல் சில

கிடைக்கும் விடுப்பில் செய்யத்தக்க சில பொருள்களைச் சொல்லி முடிப்போம். அணையாடைக்கு ஏறத்தாழ 60 செ.மீ. சதுரமான பழம்பருத்தித் துணி போதும். நூல் பிரியாதபடி ஓரத்தை மடித்துத் தைத்துவிட வேண்டும். ஜப்லாச் சட்டைக்குப் பொத்தான் வேண்டாம். முன்புறம் திறந்து, துணி நாடாவால் குட்டையாக முடிச்சிடலாம். தையல் விளிம்பு வெளிப்பக்கம் வருமாறு தைத்தால் மேனியில் உராயாது. நான்கைந்து அடுக்குப் பழஞ்சேலையை ஓட்டத் தையலால் இணைத்தால், குழந்தை விழித்திருக்கும்போது தரையில் கிடந்து விளையாட விரிப்பாகும். உறங்கும் பச்சைக் குழந்தையை மல்லாந்த நிலையில் கிடத்த வேண்டும். அதனருகே தலையணையும் தளர்ந்த போர்வையும் இருத்தல் கூடாது என்பது மருத்துவர் அறிவுரை. தாய்க்கோ, உள்ளங்கையளவு வட்டமாக வெட்டி அடுக்கித் தைத்த துணி பால் கசிவைத் தாங்கும். ஒன்றரை கஜ மெல்லிய துணி பாலூட்டும்போது மறைப்பாகும். துணிப்பந்து செய்வோர் அதில் மணியோ பொத்தானோ வைத்துத் தைக்க வேண்டாம். குழந்தை பிய்த்து விழுங்கக்கூடும். தைத்து முடித்ததும் ஊசிகளை எண்ணிப் பெட்டியில் இடுதல் வேண்டும்.

இவற்றைப் பெண்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. துணியைத் தைத்து அணிந்தவர்களுள் முதல்வர் இத்ரீஸ் நபி (அலை) அவர்கள் என்பது நம்மிடையே வழிவழி வந்த செய்தி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்பது திருமறை காட்டும் நெறி. இரவு ஷிப்டு முடித்து அயர்ந்து வரும் மனைவியின் அருகே அமர்ந்து, ஒரு முழத் துணியின் ஓரத்தை மடித்துத் தைப்பது எந்த ஆண்மகனுக்கும் இழுக்காகாது.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, உம்மம்மாவின் பெட்டியிலுள்ள பழஞ்சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி வருவோம். அதை எப்படிக் கிழித்து, எப்படி மடிப்பது என்பதையும் கேட்டுவருவோம். சேலை இன்னும் சில காலம் பெட்டியில் கிடக்கும். சொல்லித் தருபவர் என்றும் நம்மோடு இருப்பாரென்று சொல்வதற்கில்லை.