மூன்று பேர் தட்டிய கதவு

தாது வருஷப் பஞ்சம் என்று பழைய தலைமுறை சொல்லிவந்தது, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்று தீர்த்த அந்தப் பஞ்சத்தைத்தான். அப்போது வேலூரில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி, பசித்து வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சில பிள்ளைகளுக்குக் கைநீட்டி வாங்கவும் தெம்பில்லை. வாயில் வைத்து ஊட்ட வேண்டியிருந்தது. கஞ்சித் தொட்டி வரை வந்து சேர முடியாமல் வழியிலேயே விழுந்து கிடந்த பிள்ளைகளையும் அவள் பார்த்தாள். அந்தச் சிறுமிதான் ஐடா ஸ்கடர்.

சென்ற வாரம் நாம் பார்த்த மிஷனெரி டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்தி இவர். நியூயார்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவர் தாத்தா. 1836இல் சென்னைக்கு மாறினார். அவருடைய பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக மிஷனெரி வேலைக்கே வந்தார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களில் ஸ்கடர் என்ற பெயரை அறியாத மிஷன் வீடு கிடையாது. ஐடாவின் தந்தையும் டாக்டர் ஜான் ஸ்கடர்தான். ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு, 1870 டிசம்பர் 9இல், இராணிப்பேட்டையில் பிறந்த ஒரே பெண் ஐடா.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண் தானும் ஊழியத்துக்கு வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பையே ஐடா வெறுத்தார். சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர், பின்னால் பெற்றோர் மட்டும் இந்தியாவுக்குத் திரும்பியபோது உறவினர் வீட்டில் வளர்ந்தார். மாசசூசெட்ஸில் மூடி என்ற பிரசங்கியார் நிறுவிய நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் படித்தார். அங்கே தோழிகள் உண்டு, குறும்பு உண்டு, கல்யாணக் கனவு உண்டு. இந்தியா வேண்டாம் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார். சொகுசு வாழ்க்கைக்கு ஆசைப்பட்ட பெண் என்று அவருடைய இந்தப் பருவத்தைச் சிலர் எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. பஞ்சத்தில் செத்துக் கிடந்த பிள்ளைகளைப் பார்த்த கண்கள் அவை. அம்மா அப்பாவைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துக்கொண்டதும் அதே இந்தியாதான். அந்த மனத்தில் இருந்தது பயம் என்றே நினைக்கிறேன்.

1890இல் தாயார் சோபியாவுக்கு உடல்நலம் கெட்டது என்று செய்தி போனது. உதவிக்கு வந்தார் ஐடா, திண்டிவனத்துக்கு. கொஞ்ச காலம் இருந்து, அம்மா தேறியதும் கப்பலேறிவிடுவதாகத் திட்டம்.

அந்த இருப்பில் ஒரு ராத்திரி. அதைப் பின்னாளில் ஐடாவே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அறையில் விளக்கடியில் இருந்தவர், வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். ஓர் இளம் பிராமணர் நின்றிருந்தார். அவர் மனைவி, சிறுமி என்றே சொல்லத்தக்க வயது, பிரசவத்தில் போராடிக்கொண்டிருக்கிறாள். மருத்துவச்சியால் ஆகவில்லை. ஐடா வந்து காப்பாற்ற வேண்டும். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவி இருக்கும் அறைக்குள் வரமுடியாது என்று அந்த மனிதர் மறுத்தார். தந்தையும் வந்து பேசிப் பார்த்தார். பயனில்லை. வந்தவர் இருட்டில் திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் மறுபடி காலடி. மனம் மாறி அவரே வந்துவிட்டார் என்று ஐடா ஓடினார். இவர் ஒரு முஸ்லிம். வீட்டில் அதே பிரசவ வேதனை, அதே வேண்டுதல், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவரும் ஓர் இந்து. அவரும் அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மூவரையும் கல்நெஞ்சர்கள் என்று எழுதுவது சுலபம். மனைவி பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு இல்லாதவர்கள் நடு ராத்திரியில் மிஷன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். வழக்கம் அவர்களையும் கட்டிப்போட்டிருந்தது. சென்னையில் அப்போதே இதற்கு ஒரு வழி பிறந்திருந்தது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, ஆண் வைத்தியரிடம் போகமுடியாமல் சாகிற பெண்களுக்காகவே 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தவர். அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண்களுக்கான ஆஸ்பத்திரியை 1885இல் தொடங்கினார். ஆனால் சென்னை எங்கே, திண்டிவனம் எங்கே? பிரசவ வேதனையில் துடிக்கும் ஒருத்தியை 120 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோக முடியுமா?

ஐடா அன்றிரவு தூங்கவில்லை. நெடுநேரம் ஜெபத்தில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். எந்த அழைப்பிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தாரோ, அதுவே வீடு தேடி வந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது. விடியற்காலையில் ஊருக்குள் சாவு மேளம் கேட்டது. நெஞ்சு பதறி, வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வருகிறேன் என்று காலையில் பெற்றோரிடம் சொன்னார் ஐடா. திரும்பி வருகிறேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

இந்தக் கதையை எத்தனையோ பேர் எத்தனையோ மேடைகளில் சொல்லியும், அந்தப் பெண்களின் பெயர்கள் சொல்லப்படுவதில்லை. கணவன்மார்கள் சாதியாலும் மதத்தாலும் அடையாளம் பெறுகிறார்கள், பெண்கள் மூவராகவே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம்.

வாய் திக்கும் என்று சாக்குச் சொன்ன மோசே, தர்ஷீசுக்குக் கப்பலேறிய யோனா என்று வேதாகமத்திலேயே தயங்கியவர்களின் வரிசை நீளம். அந்த வரிசையில் ஐடாவை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் திண்டிவனத்து ராத்திரியோடு கதையை முடித்துக்கொள்கிறார்கள். ஒரே ராத்திரியில் பயம் தீர்ந்துவிட்டது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. நடந்தது அப்படியில்லை.

பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் திறந்தபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். கிளம்பும் முன் வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டும் பொறுப்பும் தலையில் விழுந்தது. கேட்டுப் பழக்கமில்லாதவர். கடைசியில் ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்.

1900இன் தொடக்கத்தில் வேலூர் வந்தார். அப்பாவின் பக்கத்தில் நின்று தொழில் கற்றுக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் வந்தார். சில மாதங்களில் அப்பா காலமானார். இப்போது பட்டம் இருக்கிறது, அனுபவம் இல்லை. பெரிய டாக்டர் போய்விட்டார், இந்தச் சின்ன அம்மாவை நம்பி யார் வருவார்கள் என்று ஊர் தயங்கியது. திண்டிவனத்து ராத்திரியைவிட இந்த மாதங்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. அன்று பயந்த பெண்ணுக்கு ஓடிப்போக அமெரிக்கா இருந்தது. இப்போது ஓடுவதற்கு அவரே இடம் வைக்கவில்லை. பங்களாவின் ஒரு சிறிய அறையில் மருந்து கொடுக்க உட்கார்ந்தார். வீட்டில் உதவிக்கு இருந்த சலோமிக்கே கட்டுப்போடவும் மருந்து எடுத்துக்கொடுக்கவும் கற்றுக்கொடுத்துத் துணைக்கு வைத்துக்கொண்டார். மெல்ல மெல்லப் பெண்கள் வந்தார்கள். 1902இல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. இன்றும் ஆரணி சாலையில் கண் மருத்துவமனையாக அந்தப் பெயர் நிற்கிறது.

தான் ஒருத்தி ஓடி ஓடிப் பார்த்தாலும் கிராமங்களுக்குப் போதாது என்பது சில வருஷங்களிலேயே தெரிந்துவிட்டது. 1909இல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கினார். குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார்; தொழுநோயாளிகளும் அங்கே வந்தார்கள். அடுத்து, இந்தியப் பெண்களையே டாக்டர்களாக்க ஒரு பள்ளி வேண்டும் என்றார். பெண்கள் படிக்க முன்வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். 1918இல் பள்ளி திறந்தது. 1922இல் முதல் அணியின் 14 பெண்களும் மாகாணத் தேர்வு எழுதினார்கள். பதினான்கு பேரும் தேறினார்கள்.

இதன்பின் வந்த சோதனை வேறு மாதிரி. பள்ளியில் நடந்துவந்த எல்.எம்.பி. மருத்துவப் படிப்பு இனிப் போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயராவிட்டால் பள்ளியை நடத்தமுடியாது என்ற நிலை 1930களின் கடைசியில் உருவானது. ஐடாவுக்கு அப்போது 70ஐ நெருங்கும் வயது. மறுபடி அமெரிக்கா போய்ப் பணம் கேட்டு நின்றார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் போதிய ஆதரவு கிடைக்கும் என்றார்கள். பெண்களுக்காக, பெண்கள் கொடுத்த காசில் எழுப்பிய கல்லூரி அது. ஐடாவே முதலில் தயங்கினார். அமெரிக்காவில் அவருக்காக நீண்டகாலம் நிதி திரட்டிய லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். பழைய தோழமையே முறியும் அளவுக்குப் போயிற்று. யோசித்து, ஜெபித்து, ஐடா சம்மதம் கொடுத்தார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. 1947இல் ஆண்கள் சேர்ந்தார்கள். தாம் கட்டியதைப் பிறர் கையில் மாற்றிக் கொடுப்பதற்கு இசைந்த அந்த முடிவையும் நான் அழைப்புக்குக் கொடுத்த பதிலாகவே எண்ணுகிறேன். வயதான காலத்தில், பாராட்டியவர்களின் கோபத்தை வாங்கிக்கொண்டு கொடுத்த பதில் அது.

கொடைக்கானலில் 1960 மே மாதம் அவர் காலமானபோது, திண்டிவனத்து ராத்திரி முடிந்து அறுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு 13 வருஷம் முன்பே, 1947இல், கல்லூரியின் முதல்வர் பொறுப்பு ஓர் இந்தியப் பெண்ணின் கைக்கு வந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அவர். அவர் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.