பட்டியலில் இல்லாத குடிசை

1993இல் ஓர் ஆய்வு நிறுவனத்தின் படிவங்களைச் சுமந்துகொண்டு கூவம் கரையோரக் குடிசைகளில் கணக்கெடுக்கப் போனவன் நான். வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வீடு கொடுத்தால் மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினோம். மீன் விற்றுவிட்டு வந்து களைத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "எழுதிக்கினே போறியே நைனா, போன வாட்டியும் ரெண்டு பேரு வந்து எழுதிக்கினு போனாங்க. இந்தப் பேப்பரு எங்க போவும்?" என்று கேட்டார். "மேல போகும்மா" என்றேன். மேலே போனதோ இல்லையோ, அந்தக் கரைக்கு அது திரும்பி வரவில்லை.

ஏழைகளுக்குக் கட்டுப்படியாகிற வீடு கிடைக்க ஆய்வுகள் உதவுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அந்த அம்மாவின் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. உதவும் என்றே நினைக்கிறேன். ஆனால் எண்ணுவது யார், எண்ணிய தாள் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே ஆய்வு வீட்டைப் பறிக்கவும் செய்யும். சென்னையின் ஐம்பதாண்டு வரலாறு இதைத்தான் சொல்கிறது.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971இல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. வாரியம் அப்போது எடுத்த சமூக, பொருளாதாரக் கணக்கெடுப்பு மாநகரில் 1,202 குடிசைப் பகுதிகளைக் கண்டது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் வாழ்ந்தார்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுவரை 'ஆக்கிரமிப்பு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டிருந்தவர்கள் முதன்முறையாகச் சட்டத்தின் கண்ணுக்குத் தென்பட்டார்கள். அறிவிக்கப்பட்ட பகுதியில் குடியிருப்பவர்களை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது என்றது சட்டம். தண்ணீர், கக்கூஸ், தெருவிளக்கு கேட்பதற்கு ஒரு பிடி கிடைத்தது. எண்ணப்படுவதே இங்கே ஓர் உரிமையாக இருந்தது.

பிறகு என்ன நடந்தது? 1985இல் 17 பகுதிகளைச் சேர்த்து எண்ணிக்கையை 1,219 ஆக்கினார்கள். அத்தோடு பட்டியல் பல பத்தாண்டுகளுக்கு உறைந்துபோனது. ஊர் உறையவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சென்னைக் குடிசைப் பகுதிகளில் சுமார் 13 லட்சம் பேர் இருப்பதாகச் சொன்னது. பட்டியலுக்குப் பிந்திப் பிறந்த குடிசைக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. கூடவே இன்னொரு பிரிவினையும் உண்டு: ஆட்சேபணை உள்ள புறம்போக்கு, ஆட்சேபணை அற்ற புறம்போக்கு. ஆற்றங்கரையும் சாலையோரமும் முதல் வகை. யாருடைய ஆட்சேபணை என்று மட்டும் எந்தப் படிவமும் கேட்பதில்லை. வகைப்படுத்துதல் என்ற அறிவுச் செயல்பாடு அதிகாரத்தின் செயல்பாடும்தான் என்பதை ஃபூக்கோவைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூவம் கரையில் ஒரு வாரம் நின்றால் போதும்.

'கட்டுப்படியாதல்' என்ற கருத்தாக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. வாரியம் முதலில் மானியத்தில் மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. 1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தபோது கேள்வி மாறியது. ஏழைக்கு என்ன வீடு தேவை என்பது போய், ஏழையால் எவ்வளவு திருப்பிக் கட்ட முடியும் என்பது வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சிறுசிறு மனைகளைப் பிரித்து, தண்ணீரும் சாக்கடையும் போட்டு, வீட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். பெரிய மனைகளை விற்ற லாபம் சிறிய மனைகளின் விலையைக் குறைத்தது. கடன்காரன் கணக்கு என்று அன்றைக்கு நாங்கள் இதைத் திட்டித் தீர்த்தோம். மனைகள் நிரம்பவில்லை, ஏழைகள் விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்ற விமர்சனங்களுக்கிடையே வங்கியும் தொண்ணூறுகளில் இவ்வகைத் திட்டங்களை ஏறக்குறையக் கைகழுவியது.

2018இல் ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி என்ற மூவர் 'வேர்ல்ட் டெவலப்மென்ட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மும்பையிலும் சென்னையிலும் அந்த மனைப் பகுதிகளுக்கு இருபதாண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தவர்கள். அவை நிரம்பி, பல வருமானத்தாரும் கலந்து வாழ்கிற நல்ல பகுதிகளாக வளர்ந்திருந்தன. தோல்வி என்று தீர்ப்பெழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது இதன் பொருள். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீடு வளர ஒரு தலைமுறை ஆகிறது. திட்ட அறிக்கைக்கோ ஐந்தாண்டு தாங்குவதில்லை.

இந்த உண்மை வெளிவருவதற்குள் அரசு வேறு திசையில் வெகுதூரம் போயிருந்தது. 2000இல் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை இன்னும் வேகமாக அங்கே கொண்டுபோனார்கள். கட்டிய வீடு, சொற்பத் தொகை. காகிதத்தில் இதைவிடக் கட்டுப்படியாவது வேறில்லை. ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் விடியலில் பஸ் பிடித்து நகரத்துக்கு வர வேண்டும். அந்த பஸ் கட்டணம், போன வேலை, பிள்ளையின் பாதியில் நின்ற படிப்பு, இதெல்லாம் வீட்டின் விலையில் சேராதா? நாங்கள் கொண்டுபோன படிவத்தில் தவணைக்கு ஒரு கட்டம் இருந்தது. தூரத்துக்குக் கட்டம் இல்லை.

எதிர்த்திசையில் நடந்த ஆய்வுகளும் உண்டு. உலக வங்கி வந்தபின் வாரியத்தின் கொள்கை எப்படித் திசைமாறியது என்று 2011இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் நித்யா ராமன் எழுதினார். அவர் தொடங்கிய 'ட்ரான்ஸ்பேரன்ட் சென்னை' குழு அரசு வரைபடங்களில் விடுபட்ட குடிசைப் பகுதிகளை வரைபடத்துக்குள் கொண்டுவர முயன்றது. பட்டியல் உறைந்துபோன கதையை நம்மைப் போன்றவர்கள் வருடங்களோடு பேச முடிவது இப்படிப்பட்ட உழைப்பால்தான். ஆய்வு ஒரு செங்கல்கூட வைக்காது. ஆனால் செங்கல் எங்கே வைக்கப்படும் என்ற தகராறில் ஏழையின் பக்கம் ஒரு சாட்சியாக நிற்கும்.

2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். 'குடிசை' என்ற சொல் போனதில் எனக்கு வருத்தமில்லை. புதிய பெயரில் இருக்கும் 'வாழ்விடம்' என்பதில் வேலையும் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் சேர்த்தியா என்று கேட்க வேண்டியிருக்கிறது. எண்ணப் போகிற இளைஞர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முடித்த அறிக்கையைத் தமிழில் எழுதி, எண்ணிய தெருவிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவர்களே திருத்துவார்கள். அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான். முப்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.