ஒரு சொல் பிந்தியது

பொதட்டூர்பேட்டையில் பொழுது புலர்வதைத் தறியோசை கொண்டே அறியலாம். நான் பிறந்த ஊர் அது. இராட்டையில் தார் சுற்றியவாறே என் பாட்டி சொன்னவையே நான் கேட்ட முதற்கதைகள். அண்மையில் அவ்வூர் மாணவர் சிலரிடம் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் குறித்துப் பேச நேர்ந்தது. வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்ற கதையை நான் கூறி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, தகப்பனாரின் பணம் போனால் மகளின் வாழ்வும் போகவேண்டுமா? இது கதைக்காகக் கட்டியதுதானே?” என்று கேட்டாள்.

கட்டியது பாதி, நடந்தது பாதி. நடந்த பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்றொரு வெள்ளையர் வணிக நிறுவனம் இருந்தது. வங்கித் தொழிலும் அதன் கையில் இருந்தது. வக்கீல்கள், ஓய்வூதியக்காரர், கைம்பெண்கள் எனப் பல திறத்தாரும் தம் சேமிப்பை அங்கே ஒப்படைத்து அச்சமின்றி உறங்கினர். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அந்நிறுவனம் முறிந்தது. உரிமையாளர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பெற்றுச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனையால் பணம் திரும்பிவிடுமா? நடுத்தரக் குடும்பங்கள் பல ஒரே நாளில் நிலைகுலைந்தன.

அந்த முறிவு வீட்டுக்குள் என்ன செய்தது என்பதைச் செய்தித்தாள்கள் எழுதவில்லை; ஒரு கதை எழுதியது. 1915இல் ‘விவேகபோதினி’ இதழில் வெளிவந்த அக்கதையில் குளத்தங்கரையில் நிற்கும் மரமே தான் கண்டதைச் சொல்கிறது. (தாகூரின் கதையொன்றில் படித்துறை பேசுகிறது, அதன் சாயல் இது என்பாரும் உளர். சாயல் இருக்கட்டும்; துயரம் நம் ஊர்த் துயரம்.) ருக்மிணியும் நாகராஜனும் இளமையிலேயே மணமுடிக்கப்பெற்றவர்கள். ஆர்பத்நாட் முறிவில் அவள் தந்தை செல்வத்தை இழக்கிறார். உடனே மாமியார் வீட்டின் முகம் மாறுகிறது. மகனுக்கு வேறு பெண் தேடுகின்றனர். நாகராஜனோ மனைவியைக் கைவிட எண்ணியவன் அல்லன். பெற்றோருக்கு இசைவதுபோல் நடித்து, இறுதி நேரத்தில் எல்லோரையும் ஏமாற்றிவிடலாம் என்பது அவன் திட்டம். அத்திட்டத்தை அவளிடம் மட்டும் அவன் தெளிவாகச் சொல்லவில்லை. அவள் குளத்தில் உயிர் துறக்கிறாள். அவன் துறவு பூணுகிறான்.

பணமிழந்த மாமனாரையோ பேராசை கொண்ட பெற்றோரையோ நான் பெரிதும் குறைகூறமாட்டேன். அத்தகையோரை எவ்வூரிலும் காணலாம். சொல்லவேண்டிய ஒரு சொல்லை விளையாட்டாக ஒளித்துவைத்தானே, அவனைத்தான் என்னால் மன்னிக்க இயலவில்லை.

நேயர்களே, இக்கதையை எழுதியவரின் முடிவும் நீரில்தான் நேர்ந்தது. 1925 ஜூன் திங்களில் பாபநாசத்தை அடுத்த கல்யாண தீர்த்தத்தில் தம் மகள் சுபத்திரை நீரில் விழக்கண்டு, அவளை மீட்கப் பாய்ந்தார் ஐயர். இருவருமே மீளவில்லை.

எனினும் அதே முறிவினின்று எவரும் எதிர்பாராத ஒன்று முளைத்தது. வெள்ளையர் வங்கியை நம்பிக் கெட்டது போதும், நமக்கென ஒரு வங்கி வேண்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முனைந்தார். செட்டிநாட்டு வணிகரும் துணைநின்றனர். மறு ஆண்டே, 1907 ஆகஸ்டு 15இல், இந்தியன் வங்கி கதவு திறந்தது. இன்றும் அது நடைபெற்று வருகிறது.

அம்மாணவிக்கு இவ்வளவும் சொன்னேன். அவள் நிறைவடையவில்லை. “வங்கி வந்தது சரி ஐயா. ருக்மிணிக்கு என்ன வந்தது?” என்றாள். விடை சொல்ல இயலாமல், என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

என் தமக்கையின் திருமணத்திற்கென்று தந்தை பல ஆண்டுகள் சீட்டுக் கட்டி வந்தார். சீட்டு நடத்தியவர் ஓரிரவில் ஊரைவிட்டு மறைந்தார். திருத்தணியில் இருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்படிச் சொல்வது என்று அறியாமல் தந்தை மூன்று நாள் குழித்தறியை விட்டு எழுந்திருக்கவில்லை, உணவும் கொள்ளவில்லை. தமக்கை அடுக்களையில் முகம் மறைத்து அமர்ந்திருந்தாள். நான்காம் நாள் காலையில் வாயிலில் மாட்டுவண்டி நின்றது. மாப்பிள்ளையின் தாயார் தனியே வந்திருந்தார். செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. இனி உறவு முறிந்ததென்றே நாங்கள் எண்ணினோம். அவரோ திண்ணையிலும் அமராமல் நேரே உள்ளே வந்து, “சம்பந்தியம்மா, நாள் தள்ள வேணாம். எங்க வீட்டுக்குப் பொண்ணுதான் வேணும். இதை நான் இன்னிக்கே வந்து சொல்லலேன்னா உங்க வீட்டுல அடுப்பு எரியாதுன்னு தோணிச்சு” என்றார்.

அன்று மாலை தந்தை தறியில் இருந்த பாவையே கூறைப்புடவைக்கென்று மாற்றி அமைத்தார். கரையில் சரிகை இல்லை. அதைத்தான் தமக்கை உடுத்தினாள். இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறாள்.